முதல் டிரையத்லான்: பணம் கட்டியபின் பாதியில் விட்டுவிடாமல் இருக்க ஒரு வழிகாட்டி

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து இடைவிடாமல் முடிக்கும் போட்டி. நான் அதற்கு இரண்டு முறை பணம் கட்டியிருக்கிறேன். கலந்துகொண்டது ஒரு முறைதான். முதல் முறை ஏழாவது வாரத்தில் பயிற்சியை நிறுத்திவிட்டேன். போட்டி நாளன்று காலை, மற்றவர்கள் கடலில் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நான் சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து ரொட்டி பிராட்டா தின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் முறை, 42 வயதில், 2 மணி 4 நிமிடத்தில் முடித்தேன். என் வயதுப் பிரிவில் எனக்குப் பின்னால் சிலரே இருந்தனர். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டு முயற்சிகளுக்கும் இடையில் என் மன உறுதி கூடியதாக நான் நினைக்கவில்லை. முதல் முயற்சியின்போது எழுதிவைத்திருந்த குறிப்பேட்டை எடுத்து, தவறவிட்ட பயிற்சிகளை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 19. அவற்றுள் சோம்பலால் தவறியவை நான்குதான். மற்றவை குளம் மூடியிருந்தது, மின்னல், டயரில் காற்று இறங்கியது, நீச்சல் உடையை வீட்டில் மறந்துவிட்டது, வேலை முடியத் தாமதமானது என்று சில்லறைக் காரணங்களால் தவறியவை. அப்படித் தவறிய ஒவ்வொரு நாளும் "நம்மால் முடியாது" என்ற எண்ணத்தை ஒரு படி வளர்த்திருந்தது. ஆகவே இந்தக் கட்டுரையில் உற்சாகமூட்டும் வாசகங்கள் இல்லை. அந்தப் 15 நாள்களும் உங்களுக்கு நேராமல் இருக்க என்ன செய்யலாம் என்பதே இருக்கிறது.

1. பணம் கட்டுவதற்கு முன்பே தூரத்தையும் மாதத்தையும் முடிவுசெய்யுங்கள்

தொடக்கநிலையினர் பெரும்பாலும் இரண்டு தூரங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஸ்பிரிண்ட் எனப்படும் குறுந்தூரத்தில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரத்தில் சரியாக அதன் இரு மடங்கு. நண்பர்கள் சொல்கிறார்கள் என்பதற்காக ஒலிம்பிக் தூரத்தில் தொடங்காதீர்கள். முதல் முறை நான் செய்த தவறு அதுதான்: தேசிய சேவைக் காலத்தில் ஐபிபிடி உடற்தகுதித் தேர்வுக்கு ஓடிய 2.4 கிலோமீட்டர்தான் என் வாழ்நாள் சாதனை, அதை நம்பிப் 10 கிலோமீட்டருக்குப் பணம் கட்டினேன். ஸ்பிரிண்ட்டை விடவும் குறைந்த தூரப் பிரிவுகளைச் சில அமைப்பாளர்கள் வைக்கிறார்கள். அதில் சேர்வதில் எந்தக் குறைவும் இல்லை.

எத்தனை வாரம் வேண்டும் என்பதை நீச்சலைக் கொண்டு கணக்கிடுங்கள். நிற்காமல் 200 மீட்டர் நீந்த முடிந்தால் 12 முதல் 16 வாரம் போதும். நீந்தவே தெரியாவிட்டால் முதலில் வகுப்பில் சேர்ந்து, போட்டிக்கு ஆறேழு மாதமாவது இடைவெளி விட்டுப் பதிவுசெய்யுங்கள். சைக்கிளையும் ஓட்டத்தையும் உடல் எப்படியாவது சமாளித்துவிடும். நீச்சல் அப்படிப்பட்டதன்று.

மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பருவநிலையையும் பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அதிகம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சில ஆண்டுகளில் புகைமூட்டம் வருகிறது. இவை எதிலும் படாத 16 வாரம் சிங்கப்பூரில் கிடையாது. எந்த வாரங்களில் எது வரும் என்று நாள்காட்டியில் பென்சிலால் குறித்துக்கொண்டால், அது வரும்போது மனம் உடையாது. ரிசர்விஸ்ட் அழைப்பு (தேசிய சேவை முடித்தவர்களை மீண்டும் பயிற்சிக்கு அழைப்பது), பிள்ளைகளின் தேர்வு, தீபாவளி ஆகியவற்றையும் அதே நாள்காட்டியில் குறியுங்கள்.

2. பதிவு, ஆவணங்கள், திரும்பக் கிடைக்காத பணம்

பதிவு முழுவதும் இணையத்தில்தான். பிறந்த தேதி, அவசரத் தொடர்புக்கு ஒருவரின் பெயர், தொலைபேசி எண், சட்டை அளவு, உடல்நலம் குறித்த கேள்விகளுக்கான பதில் ஆகியவற்றைக் கேட்பார்கள். வயதுப் பிரிவு, போட்டி நாளில் உங்களுக்கு இருக்கும் வயதைக் கொண்டு பெரும்பாலும் முடிவாவதில்லை. அனைத்துலக விதிப்படி அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி உங்களுக்கு என்ன வயதோ அதுவே கணக்கு. ஆகவே தவறான பிரிவில் போட்டுவிட்டார்கள் என்று மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன் விதியைப் பாருங்கள். நான் அனுப்பினேன், மூன்று வரியில் பதில் வந்தது.

உடல்நலக் கேள்விகளுக்கு எல்லாவற்றிலும் "இல்லை" என்று தட்டிவிட்டுப் போகாதீர்கள். நம் குடும்பங்களில் சர்க்கரை நோயும் இதய நோயும் அரிதானவை அல்ல. நாற்பதைத் தாண்டியவர்களும், நெஞ்சு வலி, மயக்கம், ரத்தக் கொதிப்பு ஆகியவற்றுள் எதையேனும் கொண்டவர்களும் பயிற்சியின் முதல் வாரத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். போட்டிக்கு முந்திய வாரம் போய்ச் சான்றிதழ் கேட்பதில் பயனில்லை. மருத்துவர் மேற்கொண்டு சோதனை எழுதிக் கொடுத்தால் அதற்கு நாள் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம்.

பணத்தைப் பற்றி மூன்று விதிகளைப் பதிவுப் பக்கத்தில் தேடிப் படியுங்கள்: பணம் திரும்பக் கிடைக்குமா, அடுத்த போட்டிக்கு மாற்றலாமா, இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாமா. பெரும்பாலும் மூன்றுக்கும் "இல்லை" என்றே இருக்கும். வானிலை காரணமாக நீச்சலை ரத்துசெய்து, ஓட்டம், சைக்கிள், ஓட்டம் என்று போட்டியை மாற்றும் உரிமையையும் அமைப்பாளர் வைத்திருப்பார். நான் முதல் முறை கட்டிய 140 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) திரும்பக் கேட்டு ஓர் அமைப்பாளருக்கு எழுதிய கடிதத்தை இன்று படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. முன்கூட்டியே பதிவுசெய்தால் கட்டணம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் நான்கு வாரம் பயிற்சி செய்து பார்த்தபின் கூடுதலாக 20 வெள்ளி கட்டுவதே எனக்குச் சிக்கனமாகத் தெரிகிறது.

3. செலவு

இரண்டாம் முறை எனக்கு ஆன செலவு இது: பதிவுக் கட்டணம் 128 வெள்ளி, பழைய சாலை சைக்கிள் 380 வெள்ளி, தலைக்கவசம் 45, முன்னும் பின்னும் விளக்குகள் 25, நீச்சல் கண்ணாடி 18, மூன்று பிரிவுக்கும் பொருந்தும் ஒரே உடை 70, பழைய ஓட்டக் காலணி இருந்ததால் அதற்குச் செலவில்லை. பொது நீச்சல் குளத்தில் ஒருமுறை நுழைவதற்குக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஓரிரு வெள்ளிதான். மற்றவர்களுக்குச் சற்று அதிகம். அரசாங்க விளையாட்டுத் திட்டமான ஆக்டிவ்எஸ்ஜியின் கணக்கில் உங்களுக்குப் பற்றுத்தொகை இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள்.

சைக்கிள் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. பழைய சைக்கிள் வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் அதன் சட்டகத்தின் (ஃபிரேம்) அளவைப் பாருங்கள். முதல் முறை ஒரு கடைக்காரர் "இது எல்லாருக்கும் பொருந்தும்" என்று சொன்னதை நம்பி, என் உயரத்துக்குப் பெரிய சைக்கிளை வாங்கினேன். ஒரு மணி நேரம் ஓட்டினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். கழுத்து வலிக்குப் பயந்தே சனிக்கிழமைகளில் விழிப்பு வந்தும் படுத்துக் கிடந்தேன். அதைச் சோம்பல் என்று நானும் நம்பினேன், என் மனைவியும் நம்பினார்.

உடலைச் சூடாக வைத்திருக்கும் ரப்பர் நீச்சல் உடையை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். பொதுப் பிரிவினருக்கு நீரின் வெப்பம் 22 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால் அதை அணிய அனைத்துலக விதி அனுமதிப்பதில்லை. நம் கடல் எப்போதும் அதைவிட வெகுவாகச் சூடாகவே இருக்கும்.

4. வாரத்தை நேரத்தால் திட்டமிடாமல் இடத்தால் திட்டமிடுங்கள்

"செவ்வாய் மாலை ஏழு மணிக்கு நீச்சல்" என்று எழுதிவைத்தால் அது நடக்காது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய், அம்மா வைத்த தேநீரைக் குடித்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபின் மறுபடியும் குளத்துக்குப் புறப்படுகிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள குளம் எது என்று பாருங்கள். பை காலையிலேயே உங்களோடு புறப்பட வேண்டும். அதற்குள் இரண்டாவதாக ஒரு நீச்சல் கண்ணாடியும் எப்போதும் கிடக்க வேண்டும்.

குளத்தின் நேரத்தை முன்கூட்டியே சரிபாருங்கள். எல்லாக் குளங்களும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. வாரத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகப் பல மணி நேரம் மூடிவைப்பார்கள். அந்த நாள் குளத்துக்குக் குளம் மாறும். பள்ளி நீச்சல் போட்டிகளுக்காகவும் தடங்கள் ஒதுக்கப்படும். என் 19 நாள்களில் ஐந்து இப்படிப் போனவை.

ஓட்டத்தை நான் வீடு திரும்பும் வழியிலேயே வைத்துக்கொண்டேன். புதன்கிழமைகளில் ஈசூன் வரை போகாமல் அதற்கு முந்திய காத்திப் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, சுற்றுவழியில் நான்கு கிலோமீட்டர் ஓடி வீட்டுக்குப் போவேன். வீட்டுக்கு எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும் என்பதால் இந்தப் பயிற்சி மட்டும் 16 வாரத்தில் ஒரு முறைகூடத் தவறவில்லை.

சைக்கிளுக்குச் சனிக்கிழமை விடியற்காலைதான் சரி. இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் உதிக்கும் என்பதால், ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருட்டு. முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். சாலையில் ஓட்டினால் தலைக்கவசமும் சட்டப்படி கட்டாயம். விரைவுச்சாலைகளில் சைக்கிளுக்கு இடமே இல்லை. பூங்கா இணைப்புப் பாதைகளிலும் சைக்கிள் பாதைகளிலும் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10. ஆகவே ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வேகத்தை அளந்து மனம் நோகாமல், "இன்று ஒன்றரை மணி நேரம்" என்று நேரத்தை அளந்து ஓட்டுங்கள். சாலையில் குழுவாகப் போவதானால், ஒற்றை வரிசையில் ஐந்து பேருக்கு மேலும், இருவர் இருவராகப் போகும்போது பத்துப் பேருக்கு மேலும் போகக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது.

வெள்ளிக்கிழமை இரவே சைக்கிளுக்குக் காற்றடித்து, தண்ணீர்ப் புட்டியை நிரப்பி, உடையைக் கதவருகே வைத்துவிடுங்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியில் சைக்கிள் படுக்கைவாட்டில் நுழையாது. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதை அணைத்தபடி நான் நிற்க வேண்டும். ஒரு நாள் ஆறாம் மாடியில் கதவு திறந்தபோது, சந்தைக்குப் புறப்பட்ட ஒரு பாட்டி தம் தள்ளுவண்டிப் பையோடு என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க போங்க தம்பி, நான் அடுத்ததுல வர்றேன்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் என்னை எதிர்பார்ப்பதாக நானே கற்பனை செய்துகொண்டேன். அதுவும் உதவியது.

கடைசி ஆறு வாரங்களில், சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிப் பழகுங்கள். முதல் நாள் கால்கள் இரண்டும் இரவல் வாங்கியவை போல இருக்கும். போட்டியில் அதை முதன்முறையாக உணர்கிறவர்கள் பயந்து நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

5. மழைக்கும் மின்னலுக்கும் மாற்றுப் பயிற்சியை முன்பே எழுதிவையுங்கள்

ஐந்தாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, உடை மாற்றி, இரண்டு நீளம் முடித்திருந்தேன். எச்சரிக்கை ஒலித்தது. உயிர்காப்பாளர் இளைஞர் குளத்தோரம் நடந்து வந்து குனிந்து, "அண்ணே, மின்னல். ஏறுங்க" என்றார். தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருந்தது. "எவ்வளவு நேரம் தம்பி?" என்று கேட்டேன். "அது மேல இருக்கறவங்க சொல்லணும்" என்று வானத்தைக் காட்டினார். 50 நிமிடம் ஈரத்துண்டோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனேன். முதல் முயற்சியில் இதே போன்றதொரு மாலைக்குப் பிறகுதான் அந்த வாரம் முழுவதையும் விட்டிருந்தேன்.

இம்முறை குறிப்பேட்டின் பின்னட்டையில் மாற்றுப் பட்டியல் இருந்தது. குளம் மூடினால், வீட்டில் ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி நீச்சல் கையசைவில் 20 நிமிடம் இழுத்தல். வெளியே ஓட முடியாவிட்டால், புளோக்கின் படிக்கட்டில் 12 மாடி ஏறி மின்தூக்கியில் இறங்குதல், ஆறு முறை. சைக்கிளுக்குப் பதில், சமூக மன்றத்திலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ நிலைச் சைக்கிள். இவை அசல் பயிற்சிக்கு ஈடாகா. ஆனாலும் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு எதிரே வெற்றிடம் விழாது.

வெளியே போவதற்கு முன் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி செயலியைப் பாருங்கள். மின்னல், மழை, காற்றுத் தரம் மூன்றும் அதில் தெரியும். 24 மணி நேரக் காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. உடனடியாக ஓடலாமா என்பதை முடிவுசெய்ய ஒரு மணி நேர பிஎம்2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவைப் பார்ப்பதே சரி. வெப்ப அழுத்த அளவு (வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடுவது) 33 டிகிரியை எட்டினால் அது உயர்நிலை. அந்த நேரத்தில் ஓடி "நான் வலிமையற்றவன்" என்று முடிவுகட்டாதீர்கள், அந்த வெயிலில் யாரும் வேகமாக ஓடுவதில்லை. காலையில் போனால் இடிமழையிலிருந்து தப்பலாம் என்பது பெரும்பாலும் உண்மை; ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன்னும் காலையிலும் வீசும் சுமத்திராச் சூறைக்காற்று அந்தக் கணக்கைச் சில நாள் பொய்யாக்கும்.

6. கடலை ஒத்திப்போடாதீர்கள்

குளத்தில் ஒரு கிலோமீட்டர் நீந்துகிறவர்கள் கடலில் 100 மீட்டரில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் திணறினேன். அடியில் கறுப்புக்கோடு இல்லை. கையை நீட்டினால் விரல் தெரியாத கலங்கிய பச்சை நீர். மூச்சு குறுகியது; இதற்கா இத்தனை வாரம் என்று தோன்றியது. இந்த முதல் அனுபவம் போட்டிக்கு முந்திய வாரத்தில் நேர்ந்தால் பலர் அங்கேயே விலகிவிடுவார்கள். எட்டாவது வாரத்துக்குள் ஒரு முறையும், அதன்பின் இரண்டு மூன்று முறையும் கடலில் இறங்கிவிடுங்கள். தனியாக ஒருபோதும் வேண்டாம். பயிற்றுநர் உள்ள குழுவோடு, பளிச்சென்ற மிதவையை இடுப்பில் கட்டிக்கொண்டு செல்லுங்கள். கடற்கரை நீரின் தரத்தையும் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் தகவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டியில் எந்தப் பாணியிலும் நீந்தலாம், மல்லாந்தும் மிதக்கலாம். களைத்தால் மிதவையையோ காவல் படகையோ பிடித்து ஓய்வெடுக்கலாம். அதைக் கொண்டு முன்னே நகரக் கூடாது, அவ்வளவுதான். இந்த விதியை எனக்கு யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் பல இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

7. ஆறாம் வாரம் முதல் ஒன்பதாம் வாரம் வரை

விடுவது என்றால் இங்கேதான் விடுவீர்கள். புதுமை தீர்ந்திருக்கும், போட்டி இன்னும் தொலைவில் இருக்கும், உடல் களைத்திருக்கும். இதற்கு நான் கண்டவை சில.

நான்காம் வாரத்தையும் எட்டாம் வாரத்தையும் இளைப்பாறும் வாரங்களாக முதலிலேயே எழுதிவிடுங்கள். பயிற்சியை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். களைப்பு வந்தபின் எடுக்கும் ஓய்வு தோல்வி போலத் தோன்றும்; திட்டத்தில் எழுதிய ஓய்வு அப்படித் தோன்றாது.

தவறிய பயிற்சியை வார இறுதியில் ஈடுகட்டாதீர்கள். அது வட்டிக்கடன் போல வளரும். நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு ஓட்டங்களைச் சேர்த்து ஓடி, முழங்காலுக்குக் கீழே எலும்பு வலியோடு பத்து நாள் நொண்டினேன். தவறியது தவறியதுதான். ஆனால் அடுத்தடுத்து இரண்டு பயிற்சிகள் தவறக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிகளைப் பகிரும் ஸ்ட்ராவா செயலியில் மற்றவர்களின் வேகத்தைப் பார்ப்பதை இந்த நான்கு வாரத்துக்கு நிறுத்திவையுங்கள். உங்கள் முதல் வார 200 மீட்டர் நேரத்தை எழுதிவைத்து, அதையே ஒன்பதாம் வாரத்தில் மறுபடி நீந்திப் பாருங்கள். எனக்கு 6 நிமிடம் 40 விநாடி 5 நிமிடம் 15 விநாடியாகியிருந்தது.

ஒன்பதாம் வார இறுதியில் பாதித் தூரத்தில் நீங்களாகவே ஒரு போட்டி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஒருவர் நேரம் குறிக்கட்டும். என் மகள் குறித்தாள். நான் காலணி மாற்ற எடுத்துக்கொண்ட நான்கு நிமிடத்தையும் விடாமல் எழுதியிருந்தாள்.

8. கடைசி வாரமும் போட்டி நாளும்

எண் பட்டை முதலியவை உள்ள போட்டிப் பையை வாங்க அடையாள அட்டையும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலும் தேவை. உங்களுக்குப் பதிலாக வேறொருவர் போனால் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதமும் உங்கள் அடையாள ஆவணத்தின் நகலும் கேட்பார்கள். வாங்கும் நாள்கள் ஓரிரண்டுதான். போட்டி நாளன்று பெரும்பாலும் தர மாட்டார்கள். பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள், புதிய காலணி போடாதீர்கள், புதிய உணவு எதையும் முயலாதீர்கள்.

சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது என்பதை இரண்டு வாரம் முன்பே முடிவுசெய்யுங்கள். எம்ஆர்டியில் மடக்கு சைக்கிளுக்கு மட்டுமே இடமுண்டு, அதுவும் மடித்த அளவு 120, 70, 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சாலை சைக்கிளுக்கு ஆறு இருக்கை வாடகைக் காரையாவது, உறவினரின் வேனையாவது ஏற்பாடு செய்யுங்கள். நான் மச்சானின் வேனில் போனேன். சாலைகளை மூடியிருந்ததால் கடைசி ஒரு கிலோமீட்டரைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். சைக்கிள் நிறுத்தும் பகுதியை முதல் குழு புறப்படுவதற்கு முன்பே மூடிவிடுவார்கள்.

அங்கே தண்டனை பெற்றுத்தரும் தவறுகள் இரண்டு. தலைக்கவசத்தின் பட்டையைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும். திரும்பி வந்து தாங்கியில் மாட்டிய பிறகே அவிழ்க்க வேண்டும். வெளியேறும்போது தரையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டும்வரை சைக்கிளில் ஏறக் கூடாது, திரும்பும்போது கோட்டுக்கு முன் இறங்கிவிட வேண்டும்.

போட்டி முடிந்ததும் கையில் கட்டிய எண் பட்டையை அறுத்து எறிந்துவிடாதீர்கள். அந்த எண்ணையும் சைக்கிளில் ஒட்டிய எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சைக்கிளை வெளியே விடுவார்கள். நான் மகிழ்ச்சியில் அறுத்துவிட்டு, பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, என் சைக்கிள் என்னுடையதுதான் என்று 20 நிமிடம் வாதாடிக்கொண்டிருந்தேன்.